அந்தச் சிரிப்பு என்னுடையதுதான்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் என்னை மறந்திருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். போன கிழமை, நாடகப் பிரிவில் புதிதாக எழுத வந்திருக்கும் பிரசாந்தி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அண்ணே, ஒரு மென்டல் கேரக்டர் வருது. பழைய லைப்ரரியில ஒரு பைத்தியச் சிரிப்பு இருந்ததாமே. நீளமா, கடைசியில இழுத்து முடியுற மாதிரி. அது உங்களிட்ட இருக்கா?"

இருக்கிறது. தொண்டையில் இருக்கிறது. அதைச் சிரித்தவன் நான்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து, வெள்ளவத்தையில் குடியேறி, கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டியவன் நான். முதல் மூன்று வருடம் டப்பிங் அறையில் நாயாகவும், கலியாணவீட்டுக் கூட்டமாகவும், தூரத்திலிருந்து கூப்பிடும் மாமாவாகவும் இருந்தேன். பிறகு வசனம் எழுதினேன். அந்த முதல் மூன்று வருடத்தில் ஒரு மத்தியானம், பைத்தியமாகச் சிரிக்க வரவேண்டிய நடிகர் பஸ் கிடைக்காமல் நின்றுவிட்டார். ஒலிப்பதிவாளர் என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளினார். இருபத்திரண்டு விநாடி சிரித்தேன். அவர் அதை ஒரு தட்டில் பதிந்து, மேலே "பை. சிரிப்பு – நீளம்" என்று எழுதி வைத்தார். அதன்பின் எங்கள் நாடகங்களில் யாருக்குப் புத்தி பேதலித்தாலும் என் குரலில்தான் பேதலித்தது. ஆண் என்றால் அப்படியே. பெண் என்றால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். கொட்டாஞ்சேனையில் அம்மா அயலவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "இப்ப சிரிக்கிறது எங்கட சேகர்" என்பார். ஒரு தாய் பெருமைப்படுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. என் அம்மாவுக்கு அது கிடைத்தது.

சிரிப்புக்குச் சோடியாக ஒரு பெட்டியும் இருந்தது. உடைப் பொறுப்பாளர் நசீர் நானாவின் ஸ்டோரில், பொலிஸ் உடுப்புகளுக்குக் கீழே, ஒரு தகரப் பெட்டி. சிக்குப் பிடித்த டோப்பா முடி ஒன்று, அளந்து கிழித்த சேலை ஒன்று, கையில்லாத பொம்மை ஒன்று. ஸ்கிரிப்டில் "மனநோயாளி" என்ற சொல் வந்தால் போதும், நானா எதுவும் கேட்கமாட்டார், பெட்டி வந்துவிடும். இயக்குநரும் கேட்கமாட்டார். நடிகை மட்டும், "நானா, இந்த முடி மணக்குது" என்பார். நானா, "பைத்தியத்துக்கு மணக்கிறல்ல தங்கச்சி" என்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். வழக்கம்போல நான் கூடுதலாகச் சிரிப்பேன்.

இந்த இடத்தில் செல்வராணி மிஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். நாடகப் பிரிவின் தலைவி. மெல்லிய ஆள், குரலும் மெல்லிசு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குரல் இன்னும் தாழ்ந்தால்தான் நாங்கள் பயப்படுவோம். திங்கட்கிழமைகளில் எழுதியவர் எழுந்து நின்று தன் காட்சியைத் தானே சத்தமாக வாசிக்கவேண்டும். மிஸ் கண்ணை மூடிக் கேட்பார். கையில் பென்சில். பேனாவால் திருத்தமாட்டார், "எழுதினவர் அழிக்கலாம் எண்டு இருக்கவேணும்" என்பார். வாசித்து முடிந்ததும் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இந்தப் பிள்ளை காலமை என்ன சாப்பிட்டது?"

காட்சியில் சாப்பாடே இருக்காது. கோர்ட்டில் வழக்கு நடக்கும், காதலன் கப்பலேறுவான். ஆனாலும் கேட்பார். பதில் தெரியாவிட்டால், "அப்ப இவ ஆரெண்டு உமக்கு இன்னும் தெரியாது. போய் எழுதும்" என்று தாளைத் திருப்பித் தருவார். முதல் வருடம் எரிச்சல்பட்டேன். பிறகு புரிந்தது. காலையில் பழஞ்சோறு சாப்பிட்டவளும் ஒன்றும் சாப்பிடாமல் ரயில் பிடித்தவளும் ஒரே கோபத்தைக் கோபிக்கமாட்டார்கள். நான் எழுத்தில் கற்ற உருப்படியான விடயம் அது ஒன்றுதான். அதையும் ஒரு பெண்மணி பென்சிலால் தலையில் தட்டித்தான் ஏற்றினார்.

ஒரேயொரு விதமான பாத்திரத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி கிடையாது. ஒருமுறை மிஸ் கேட்டபோது நான், "பைத்தியம் மிஸ், அவவுக்குச் சாப்பாடு தேவையில்லை, பெட்டி இருக்கு" என்றேன். கூட்டம் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அடுத்த காட்சிக்குப் போனோம்.

இனி என் வீரசரித்திரம். ஐம்பது வயதுக்குக் கிட்ட ஒரு நாள், கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது நான் செத்துப்போனேன். அப்படித்தான் நினைத்தேன். நெஞ்சு படபடத்தது, கை விறைத்தது, மூச்சு உள்ளே போகமாட்டேன் என்றது. பம்பலப்பிட்டியில் குதித்து இறங்கி, முச்சக்கரவண்டிக்காரரிடம், "மல்லி, இக்மனட்ட, மம மெரெனவா" என்று சிங்களத்தில் என் மரணத்தை அறிவித்தேன். அவர் அவசரப்படாமல், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அங்கே இருதயத்தைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நல்ல இருதயமாம். அடுத்த கிழமையும் செத்தேன், அது லிஃப்டில். மூன்றாவது முறை அவசரப் பிரிவு டொக்டர் தாளை மடித்துக்கொண்டு, "இது நெஞ்சு இல்லை ஐயா. மனநல டொக்டர் ஒருவரைப் பாருங்கோ" என்றார்.

அந்த நிமிடம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது தகரப் பெட்டி. டோப்பா முடி எனக்கு அளவாக இருக்குமா என்றுகூட யோசித்தேன். உண்மையைச் சொன்னால், நோயைவிட நான் எழுதியதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இரண்டு மாதம் கடத்தி, கடைசியில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கிளினிக்கில் நம்பர் எடுத்தேன். யாரும் அடையாளம் காணக்கூடாதே என்று நசீர் நானாவின் ஸ்டோரிலிருந்து துப்பறிவாளர் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். முப்பத்திரண்டு பாகை வெயிலில் கம்பளித் தொப்பி. உள்ளே போய் மூலையில் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தார்.

"சேர், அது நம்மட ஸ்டோர்த் தொப்பி."

நசீர் நானா. அவருக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண், மடியில் கைப்பை.

"ஒரு கூட்டாளியப் பாக்க வந்தனான் நானா" என்றேன்.

"நானும் ஒரு சொந்தக்காரரப் பாக்கத்தான் வந்த சேர்" என்றார்.

இரண்டு பேரும் மரியாதையாக வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் கவுண்டரிலிருந்த பிள்ளை, "நம்பர் பதினேழு, மிஸ்டர் சேகர்" என்று கடற்கரைவரை கேட்கக் கூப்பிட்டாள்.

நானா தாடியைத் தடவினார். "ஒங்கட கூட்டாளியக் கூப்பிடுறாங்க சேர்."

டொக்டர் இளைஞர். கால்மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். இது பதற்றம், இப்படி வந்து இப்படிப் போகும், மருந்தும் பயிற்சியும் இருக்கிறது என்று கணக்குப் பாடம் போலச் சொன்னார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்: "டொக்டர், நான் சும்மா இருந்து சிரிக்கத் தொடங்குவனா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தொடங்கினா நல்லம்" என்றார்.

வெளியே வந்தபோது சுவரிலிருந்த டிவியில் எங்கள் நாடகத்தின் காலை மறுஒளிபரப்பு. பிள்ளை பெற்ற மாலினி என்ற பெண்ணுக்குப் புத்தி பேதலிக்கும் கதை, என் வசனம். மாமியார் மாலினியின் தலையணைக்குக் கீழே மாத்திரைகளைக் கண்டுபிடிக்கிறார். பின்னணி இசை. மாலினி, டோப்பா முடி, பொம்மை. பிறகு அந்த இருபத்திரண்டு விநாடி, வேகம் கூட்டிய பெண் பிரதி. காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வாசலுக்குப் போனார். ஒரு தாய் தன் மகனின் காதுப்பக்கம் கையை வைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் தொப்பியை இன்னும் இழுத்துவிட்டேன்.

"வாப்பா, இவர்தானே அந்தச் சிரிப்பு?" என்றாள் அந்தப் பெண்.

"என்ட மகள், ரிஃப்கா" என்றார் நானா தரையைப் பார்த்து. சொந்தக்காரர் மகளாகிவிட்டார்.

"நல்லாச் சிரிச்சீக்கிறீங்க அங்கிள்" என்றாள். குத்தலா என்று பார்த்தேன். குத்தல்தான், ஆனால் மெதுவாக. "நான் ஒருநாளும் அப்பிடிச் சிரிக்கல்ல. புள்ள கெடச்ச பொறகு நித்திரை வராது, அழுகை வரும். அவ்வளவுதான். ஆனா நீங்க சிரிக்கிற நேரமெல்லாம் மாமி திரும்பி என்னப் பாக்கிறா."

நானா மிச்சத்தைச் சொன்னார். மகள் கல்கிசையில் புருசன் வீட்டில் இருக்கிறாள். பிள்ளைக்கு ஐந்து மாதம். இந்த நாடகம் தொடங்கியதிலிருந்து மாமியார் பிள்ளையை அவள் கையில் கொடுப்பதில்லை. பால் கொடுக்கும் நேரம் பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கெட்ட மனுசி இல்லை, பயம்.

"மாத்திரையக் கண்டா இன்னும் பயப்படுறா" என்றாள் ரிஃப்கா. "அதான் இண்டைக்கு டொக்டர்கிட்ட மருந்து போதும் எண்டு சொல்லப்போறன். சுகமில்லாட்டியும் பரவாயில்ல, புள்ளயத் தந்தாப் போதும்." பிறகு கேட்டாள். "விளம்பரத்தில காட்டுறாங்க, அவ புள்ளயத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போறா. அது எப்ப வாரது?"

இரண்டு கிழமையில். எழுதியவன் நான். விளம்பரத்துக்கு ஒரு துண்டு மட்டும் எடுத்திருந்தார்கள், மிச்சத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு.

"மருந்தை நிப்பாட்டாதேங்கோ" என்றேன். "அதை டொக்டர் சொல்லட்டும். மற்றதை நான் பாக்கிறன்." எந்த அதிகாரமும் இல்லாதவன் கொடுத்த வாக்கு அது. கொடுத்துவிட்டு வீதிக்கு வந்ததும் நெஞ்சு படபடத்தது. இந்த முறை காரணம் தெரிந்திருந்தது. அது ஒரு முன்னேற்றம்தான்.

செல்வராணி மிஸ்ஸிடம் இதைச் சொல்ல ஒரு சிக்கல். கிளினிக்குக்கு நான் ஏன் போனேன் என்றும் சொல்லவேண்டிவரும். படியேறும்போது மூன்று பொய் தயாரித்தேன். கதவைத் திறந்ததும் மூன்றும் மறந்துபோயின. முழுவதையும் கொட்டினேன், தொப்பி உட்பட. மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ரெண்டு மாசமா லிஃப்டை விட்டிட்டு நாலு மாடி நடக்கிறீர். மெலியவும் இல்லை. நீரா வந்து சொல்லுவீர் எண்டு இருந்தனான்." போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றித் தந்தார். பிறகு நாடகத்தின் கோப்பை இழுத்து, முதல் எபிசோடிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அரைமணி நேரம். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சேகர், மாலினி காலமை என்ன சாப்பிட்டவ?"

எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியேல்லை" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஒன்பது எபிசோடா இந்தப் பிள்ளை பட்டினி. உம்மை மட்டும் என்ன சொல்லுறது. அந்தப் பெட்டிக்குப் பதினெட்டு வருசமா நான்தானே கையெழுத்துப் போடுறன்."

அதன்பின் அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை ஒரு மனநல டொக்டரிடம் தன் பெயரில் நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து, உள்ளே போய் ஸ்கிரிப்டை நின்றபடி சத்தமாக வாசித்திருக்கிறார். டொக்டர் முதலில் வேறுவிதமாக நினைத்து, தண்ணீர் கொடுத்தாராம். பிறகு இரண்டு பேரும் இருந்து வரி வரியாகப் பார்த்தார்கள். திரும்பி வந்த தாள்களில் என் வசனத்தை விடப் பென்சில்தான் அதிகம்.

நசீர் நானாவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "உங்கட மகளின்ட கதையை நான் எடுக்கமாட்டன் நானா. அது அவவின்ரை. எனக்கு உடுப்பு மட்டும் சொல்லுங்கோ. மாலினி என்ன உடுத்துவா?"

நானா எழுந்தார். போய், பெட்டி இல்லாமல் வந்தார். கையில் துவைத்து மடித்த ஒரு பருத்திக் கவுன். அதன் மேல் சின்ன வெள்ளைத் துணி.

"இது என்னத்துக்கு நானா?" என்று நான் கேட்டேன்.

"புள்ள பெத்தவள் சேர். தோள்ல பால் தொடைக்கத் துணி ஈக்கோணும்." மூக்கை உறிஞ்சினார். "இவ்வளவு நாளும் நான் பொம்மதான் குடுத்தீக்கேன்."

விற்பனைப் பிரிவு முகாமையாளர் ஓடிவந்தார். "மிஸ், விளம்பரத்தில கடற்கரை போயிட்டுது. ஸ்பொன்சருக்கு என்ன சொல்லுறது? ஆக்கள் பாக்கிறதே அந்தச் சிரிப்புக்குத்தான்."

"கடற்கரை இருக்கட்டும்" என்றார் மிஸ். "தாயும் பிள்ளையும் காத்து வாங்கப் போகட்டும். மாமியையும் கூட்டிக்கொண்டு போகட்டும்."

நான் அதை எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியதில்லை, ஏனென்றால் ஒன்றுமே நடக்கக்கூடாது. மருந்து எடுக்கிறாள், நித்திரை மெல்ல வருகிறது, ஒரு நாள் அழுகிறாள், ஒரு நாள் இல்லை. கடைசியில் மூன்று பேரும் வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் உட்கார்ந்து கடலை சாப்பிடுகிறார்கள். மாமியார் கடலைச்சுருளை வாங்கிக்கொண்டு பிள்ளையை மாலினியின் மடியில் வைக்கிறார். இசை இல்லை, மிஸ் வேண்டாம் என்றுவிட்டார். எடிட் முடிந்து போட்டுப் பார்த்தபோது, பழக்க தோஷத்தில் ஒலிப்பதிவாளர் ஓரிடத்தில் என் சிரிப்பைச் செருகியிருந்தார். மாலினி சந்தோசமாகத்தான் இருந்தாள். ஆனாலும் எனக்கே முதுகு சில்லிட்டது.

"இது ஆர்?" என்று மிஸ் கேட்டார்.

"நான்தான் மிஸ்."

"அப்ப நீரே எடுத்துவிடும்."

எடுத்தேன். லைப்ரரியிலிருந்தும் அழித்தேன். கம்ப்யூட்டர் உறுதியாகவா என்று கேட்டது. இரண்டு முறை கேட்டது.

ஒளிபரப்பான அன்று தொலைபேசி ஓயவில்லை. "பைத்தியம் எங்க?" என்று ஒருவர். "கடலுக்குப் போனவ ஏன் திரும்பி வந்தவ?" என்று ஓர் அம்மா, உண்மையான கவலையோடு. விற்பனை முகாமையாளர் என்னைப் பார்த்த பார்வையில் நான்காவது முறையாகச் சாவேன் என்று நினைத்தேன். அப்போதும் நடந்தது என்னவோ வியர்வை மட்டும்தான்.

அடுத்த நாள் காலை மிஸ்ஸும் நானும் அறையில் இருந்தபோது நசீர் நானா வந்தார். கதவுப் பிடியை விடாமல் நின்றே சொன்னார். "மகள்ட வீட்டில எல்லாரும் பாத்தீக்கிறாங்க."

"மாமி என்ன சொன்னவ?" என்று மிஸ் கேட்டார்.

"அந்தப் பொம்பள காத்துக்குப் புள்ளைக்குத் தொப்பி போடல்ல எண்டு ஏசினாவாம்." நானா நிறுத்தினார். "பொறகு விளம்பரம் வந்தீக்கி. அந்த நேரம் அடுப்பில பால் பொங்கினீக்கி. மாமி எழும்பி, ‘இந்தா, புள்ளையப் புடி’ எண்டு மகள்ட மடியில வெச்சிட்டு ஓடினாவாம்."

"திரும்பி வந்து வாங்கினவவோ?" என்றேன்.

"வந்த. ஒக்காந்த. வாங்கல்ல. நாடகம் முடிஞ்சும் வாங்கல்ல. புள்ள மடியிலயே நித்திரையாம்." நானா கண்ணைத் துடைக்கவில்லை, மூக்கைத்தான் துடைத்தார்.

எங்கள் நாடகம் செய்ததா, பால் செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பால் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் முதலில் எழுதிய கடற்கரை ஓடியிருந்தால், பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருந்தாலும் அந்த மனுசி பிள்ளையோடுதான் குசினிக்கு ஓடியிருப்பார்.

மிஸ் கோப்பை இழுத்தார். அந்த எபிசோடின் ஸ்கிரிப்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பென்சிலை எடுத்தார்.

"நானா, ரிஃப்கா இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டவ?"

நானா என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் கேள்வி தெரியும், அவருக்குத் தெரியாது. அங்கேயே நின்று மகளுக்கு அழைப்பெடுத்தார். நாங்கள் காத்திருந்தோம். "மகள், காலைல என்ன திண்ட?" பதில் வந்தது. ஏன் வாப்பா என்று அவள் கேட்பதும், பின்னால் பிள்ளை ஏதோ சொல்வதும் கேட்டது.

மிஸ் அதைப் பக்கத்தின் ஓரத்தில், அழிக்கக்கூடிய எழுத்தில், எழுதி வைத்தார்.

ஓய்வு பெற்ற அன்று மேசையை ஒதுக்கும்போது அந்த ஸ்கிரிப்டை மட்டும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். லிஃப்டில்தான் இறங்கினேன், ஒவ்வொரு மாடியையும் எண்ணிக்கொண்டு. பிரசாந்திக்குச் சிரிப்புக்குப் பதிலாக அந்தக் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "அண்ணே, ஓரத்தில பென்சிலால ‘பாணும் பருப்பும்’ எண்டு இருக்கு. இது யார்ட சாப்பாடு?"

அதற்குப் பதிலாகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.